முகாம் நெருப்பருகே அரிச்சுவடி: வாசகர் கேள்வி – பதில்

கடந்த இதழின் கடைசிப் பக்கத்தில் சின்னதொரு குறிப்பு வெளியாகியிருந்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் பக்கம் நின்று போராடிய கறுப்பினப் படைவீரர்கள், முகாமிலேயே எழுத்துப் படித்தார்கள் என்பதே செய்தி. பத்து வரிதான். வந்த கடிதங்களோ ஒரு கட்டு. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இம்முறை இந்தப் பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அடிமைகள் படிப்பதையே சட்டம் தடுத்தது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் படையில் சேரும்போதே வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்?
– உயர்தர வகுப்பு மாணவி, வெள்ளவத்தை

முதலில் சட்டத்தைச் சரியாகப் பார்த்துவிடுவோம். அது எல்லா மாநிலத்திலும் ஒன்றாக இருக்கவில்லை. தென் கரோலினா 1740இலேயே, அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுண் அபராதம் என்றது. அந்தச் சட்டம் தடுத்தது எழுதுவதை, வாசிப்பதை அல்ல. வேதாகமத்தை வாசிப்பதால் எசமானுக்கு நட்டமில்லை என்று நினைத்தார்கள். எழுதத் தெரிந்த அடிமையோ, தோட்டத்தை விட்டு வெளியே போகத் தேவையான அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொண்டு நடந்துவிடுவான். 1830களில் பிடி இறுகியது. அலபாமா 1832இல், கறுப்பினத்தவருக்கு எழுத்துக்கூட்டவோ வாசிக்கவோ எழுதவோ கற்பித்தால் 250 முதல் 500 டொலர் வரை அபராதம் என்றது. தென் கரோலினா 1834இல் வாசிப்பையும் தடையில் சேர்த்தது. மிசூரி 1847இல் தடை கொண்டுவந்தது. அந்த மாநிலத்தின் பெயரை நினைவில் வைத்திருங்கள், பின்னால் மீண்டும் வரும். கென்டக்கியில் அப்படியொரு சட்டமே இருக்கவில்லை. ஆனாலும் அங்கே எசமானின் கோபமே சட்டத்தின் வேலையைச் செய்தது.

வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்று வழிகளில் வந்தார்கள். ஒன்று, வட மாநிலங்களில் சுதந்திர மனிதராகப் பிறந்து பள்ளிக்கூடம் போனவர்கள். 54ஆம் மசாசுசெட்ஸ் படையணியில் இவர்கள் நிறையப் பேர். அடிமையாகப் பிறந்து, பின்னர் அடிமைமுறைக்கு எதிரான பேச்சாளராகப் புகழ்பெற்ற பிரெடரிக் டக்ளஸின் இரண்டு மகன்மார் அதில் சேர்ந்தார்கள். லூயிஸ் டக்ளஸ் அதன் சார்ஜன்ட் மேஜர். இரண்டாவது, எசமானின் பிள்ளைகளிடமிருந்தோ தெருப் பையன்களிடமிருந்தோ துண்டு துண்டாகப் பொறுக்கிக்கொண்டவர்கள். டக்ளஸே சிறுவயதில் பால்டிமோர் தெருவில் வெள்ளைப் பையன்களுக்குப் பாண் கொடுத்துப் பதிலுக்கு எழுத்து வாங்கியவர்.

மூன்றாவது, மறைவுப் பள்ளிகள். 1848இல் ஜோர்ஜியாவில் அடிமையாகப் பிறந்த சூசி கிங் டெய்லர், சவானா நகரில் ஒரு சுதந்திரக் கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் படித்தார். இருபத்தைந்து முப்பது பிள்ளைகள். பொலிஸாரின் கண்ணில் படாமல் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, ஒவ்வொருவராகத்தான் படலைக்குள் நுழைவார்கள். அயலவர் கேட்டால், கைத்தொழில் பழகப் போகிறோம் என்பது பதில். அந்தச் சிறுமி 14 வயதில் வட படையின் பாதுகாப்புக்கு வந்து சேர்ந்ததும், சென் சைமன்ஸ் தீவில் சுமார் 40 பிள்ளைகளுக்குப் பகலிலும் வளர்ந்தவர்களுக்கு இரவிலும் பாடம் சொன்னார். பிறகு கணவர் சார்ஜன்டாக இருந்த 1ஆம் தென் கரோலினாப் படையணியோடு சென்று, சிப்பாய்களுக்கு எழுத்தறிவித்தார். உடுப்புத் தோய்ப்பவர் என்றுதான் அவருக்குப் பதிவு. நான்கு வருட வேலைக்கு ஒரு சதம்கூடச் சம்பளம் கிடைக்கவில்லை.

சிப்பாய்க்குத் துவக்குத்தானே வேண்டும்? எழுத்து எதற்கு? கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதிவிட்டீர்களோ என்று தோன்றுகிறது.
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொட்டாஞ்சேனை

நீங்கள் எழுதுவினைஞராக இருந்தவர் என்பதால், படையணியின் காகிதங்களிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு படையணியில் பத்துக் கம்பனிகள்; ஒரு கம்பனியில் நூறு பேர் வரை. ஒவ்வொரு நாள் காலையிலும் கம்பனியின் முதல் சார்ஜன்ட், நின்றவர் எத்தனை, நோயாளர் எத்தனை, காவலுக்குப் போனவர் எத்தனை, விடுமுறையில் எத்தனை, தப்பி ஓடியவர் எத்தனை என்று அச்சிட்ட படிவத்தில் நிரப்பிக் கையளிக்க வேண்டும். காவல் முறைப் பட்டியல், வைத்தியரிடம் போவோர் பட்டியல், உடுப்புக் கணக்கு, உணவுக் கோரிக்கை எல்லாம் அவர் கையால்தான் போகும். ஆள் தொகை ஐந்து குறைந்தால் ஐந்து பேரின் இறைச்சியும் பிஸ்கட்டும் குறையும். அதிகாரிகள் அநேகமாக எல்லோரும் வெள்ளையர்; கறுப்பினத்தவர் ஏறக்கூடிய படி பெரும்பாலும் சார்ஜன்டோடு நின்றுவிடும். அந்தப் படியிலும் எழுதத் தெரிந்தவர் இல்லாவிட்டால், வெள்ளைச் சார்ஜன்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். இல்லையேல் லெப்டினன்ட் தானே உட்கார்ந்து எழுதினார். ஆக, கோப்ரல் கோடும் சார்ஜன்ட் கோடும் தங்கள் ஆட்களின் தோளிலேயே நிற்க எழுத்து வேண்டியிருந்தது. கென்டக்கியைச் சேர்ந்த எலிஜா மார்ஸ் 1864 செப்டெம்பரில் சேர்ந்தபோது, வாசிக்கவும் எழுதவும் தெரியும் என்பதற்காகவே சார்ஜன்ட் ஆக்கப்பட்டார். சேர்ந்த நாளிலிருந்தே மற்றவர்கள் கடிதம் எழுதித் தரும்படி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அடுத்தது சம்பளப் பட்டியல். மலையகத் தோட்டங்களில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்ததா, அரைப்பேரா முழுப்பேரா என்று வாசிக்கத் தெரியாமல் கணக்கப்பிள்ளையின் வாயைப் பார்த்து நின்றவர்களை அறிந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கறுப்பினச் சிப்பாய்க்கு மாதம் 10 டொலர். அதில் 3 டொலர் உடுப்புக்கென்று பிடிக்கப்பட்டது. வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டொலர், உடுப்புப் படி வேறு. 7க்கும் 13க்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியலில் கண்ணால் கண்டவர்கள் பேசாமல் இருக்கவில்லை. 54ஆம் மசாசுசெட்ஸின் கோப்ரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டெம்பர் 28இல் ஜனாதிபதி லிங்கனுக்கே நேரடியாக எழுதினார். அந்தப் படையணி பல மாதம் சம்பளத்தையே தொடாமல் இருந்தது. 1864 ஜூனில் சம சம்பளச் சட்டம் நிறைவேறியது. கூடிங் அதன் பலனைக் காணாமல், அடுத்த மாதம் தென் மாநிலங்களின் அண்டர்சன்வில் சிறை முகாமில் இறந்துபோனார்.

கடைசியாக, வீட்டுக்கு எழுதும் கடிதம். மிசூரியில் இன்னும் அடிமைமுறை நீங்காத 1864 செப்டெம்பரில், சென் லூயிஸ் படை வைத்தியசாலையில் படுத்திருந்த ஸ்பொட்ஸ்வுட் ரைஸ் என்ற சிப்பாய் இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று அடிமையாக இருந்த தன் மகள்மாருக்கு, உங்களை மீட்க வருகிறேன் என்று. மற்றது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியை வைத்திருந்த எசமானிக்கு, படையோடு வருகிறோம் என்று. எழுத்துப்பிழை நிறைந்த கடிதங்கள். ஆனால் ஒரு தகப்பன், தன் பிள்ளையைச் சொத்தென்று சொல்பவளிடம் எழுத்தில் கணக்குக் கேட்கிறான். மிகைப்படுத்தவில்லை ஐயா, பத்து வரியில் குறைத்துத்தான் சொல்லியிருந்தோம்.

வகுப்பு உண்மையில் எப்படி நடந்தது? புத்தகம், கரும்பலகை, நேரம், வெளிச்சம், ஆசிரியர் எல்லாம் விவரமாக வேண்டும்.
– தமிழ்ப் பாட ஆசிரியர், பாமன்கடை

ஆசிரியரிலிருந்து தொடங்குகிறோம், சிக்கலே அங்கேதான். ஒரு படையணிக்கு ஒரு படைப் பாதிரியார். ஆயிரம் பேருக்கு ஒருவர். பல படையணிகளில் அந்த ஒருவரும் இல்லை. எனவே, விவரமறிந்த பாதிரியார்கள் ஆயிரம் பேரையும் இருத்திப் பாடம் சொல்ல முயலவில்லை. முதலில் சார்ஜன்ட்களையும் கோப்ரல்களையும் படிப்பித்தார்கள். அவர்கள் கூடாரத்துக்குத் திரும்பித் தங்கள் ஆட்களுக்குச் சொன்னார்கள். கென்டக்கியின் நெல்சன் முகாமில் 1864இல் ஜோன் ஃபீ என்ற பாதிரியார் இப்படித்தான் தொடங்கினார். அதிகாரிகளின் மனைவிமாரும் பெரிய உதவி. 35ஆம் படையணிக் கேணலின் மனைவி பிரான்சிஸ் பீச்சர் காலையில் கூடாரத்தில் வகுப்பு வைத்தார். ஆரம்பத்தில் கம்பனிக்கு இரண்டு மூன்று பேரைத் தவிர மற்ற எல்லோரும் சம்பளப் பட்டியலில் அடையாளம் இட்டார்கள் என்றும், படையணி கலைக்கப்பட்டபோது ஒவ்வொருவரும் தெளிவான கையெழுத்தில் பெயர் எழுதினார்கள் என்றும் அவர் பதிவுசெய்திருக்கிறார். 1ஆம் கறுப்பினப் படையணியின் ஹென்றி மக்நீல் டேர்னர், 1863இல் நியமிக்கப்பட்டவர், முதல் கறுப்பினப் படைப் பாதிரியார்களில் ஒருவர்; அவரும் வேத ஊழியத்தோடு எழுத்தையும் தன் கடமையாக எடுத்துக்கொண்டார்.

புத்தகம் என்றால் நோவா வெப்ஸ்டரின் நீல அட்டை எழுத்துக்கூட்டல் நூல்தான் எங்கும். 1783இல் முதல் பதிப்பு வந்தது. அதன் முறை நமக்கு அந்நியமானதல்ல. முதலில் எழுத்துகள், பிறகு ஒரு மெய்யோடு ஒவ்வொரு உயிரையும் சேர்த்த அசை வரிசை, பிறகு ஓரசைச் சொல், ஈரசைச் சொல். நம் பிள்ளைகள் க, கா, கி, கீ என்று இழுப்பதுபோலவே, அவர்களும் பி என்ற எழுத்தை ஒவ்வொரு உயிரோடும் கூட்டிப் பாடினார்கள். ஆனால் தமிழில் அந்த வரிசை முடிந்தால் வாசிப்பு ஏறக்குறைய கைக்கு வந்துவிடும். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று. ஈரசைச் சொல்லுக்கு வந்ததும் வண்டி நின்றுவிடும். அதனால்தான் அக்காலக் குறிப்புகள் முன்னேற்றத்தைச் சொல்லும்போது, ஈரசைச் சொல் கூட்டத் தெரிந்தவர் இத்தனை பேர் என்று தனியாக ஒரு படியை எண்ணுகின்றன. வட மாநிலச் சமயச் சங்கங்கள் அரிச்சுவடிகளையும் வேதாகமப் பகுதிகளையும் அனுப்பின. போதவில்லை. ஒரு புத்தகத்தைச் சுற்றி ஐந்தாறு தலைகள் குனிந்திருக்கும்.

இடம், கூடாரம் அல்லது படைவீரர்களே வெட்டிய மரங்களால் கட்டிய கொட்டில். மரத்தை இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் மேலே வரப் போட்டால் வாங்கு. நேரம் பயிற்சிக்கும் வேலைக்கும் இடையில் கிடைப்பதுதான்; பெரும்பாலும் இரவு உணவுக்குப் பின். மெழுகுதிரி விலை கூடியது. எண்ணெய்ப்பசையுள்ள பைன் மரக் கட்டைகளை எரித்த நெருப்பே விளக்கு. 1862 இறுதியில் தென் கரோலினாவில் தன் படையணியை எடுத்து நடத்திய கேணல் தோமஸ் வென்ட்வேர்த் ஹிகின்சன், இந்த நெருப்புகளைச் சுற்றி எழுத்துக்கூட்டும் குரல்களை எழுதி வைத்திருக்கிறார். அந்த வெளிச்சத்தில் புகை கண்ணை எரிக்கும், எழுத்து ஆடும். நல்ல கண்ணுள்ள இளைஞர்கள் முன்னேறினார்கள். நாற்பது கடந்தவர்கள் பின்தங்கினார்கள். பலவேளை அது மூளையின் குறையல்ல, வெளிச்சத்தின் குறை.

வாசிப்பு முதலில், எழுத்து பிறகு என்பதே அன்றைய வழக்கம். சிலேட்டும் மையும் காகிதமும் குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். மண்வெட்டியும் கோடரியும் பிடித்துத் தடித்த விரலுக்குப் பேனை பிடிப்பது தனியொரு பயிற்சி. ஆனால் பெயரை மட்டும் எல்லோரும் முதலிலேயே கேட்டார்கள். அவசரம், அடுத்த சம்பள நாள்.

சீட்டு விளையாடினால் தண்டனையாகப் பாடம் படிக்க வைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
– தெஹிவளை வாசகர்

உண்மை. 62ஆம் கறுப்பினக் காலாட்படையணியில். மிசூரியில் திரட்டப்பட்ட படையணி அது; 1847 தடைச் சட்டத்தின் கீழ் வளர்ந்த மனிதர்கள். அதன் லெப்டினன்ட் கேணல் டேவிட் பிரான்சன் 1864 ஜூலையில் ஒரு கட்டளை இட்டார்: 1865 ஜனவரி 1க்குள் வாசிக்கப் பழகாத சார்ஜன்ட், கோப்ரல் எவரும் பதவியிறக்கப்படுவார், அந்த இடம் வாசிக்கத் தெரிந்தவருக்குப் போகும். அதே ஆண்டு ஒக்டோபரில் இன்னொரு கட்டளை: சீட்டு விளையாடிப் பிடிபட்டவர், முகாமில் எல்லோரும் காணும் இடத்தில் புத்தகத்தோடு நின்று ஒரு பெரிய பாடத்தைப் படித்து முடிக்க வேண்டும், மறுத்தால் பட்டினி.

பதவிக் கட்டளை நியாயமானது. ஆறு மாத அவகாசம், தெளிவான இலக்கு, அடைந்தவருக்குக் கோடு. பட்டினிக் கட்டளையை எந்த விதத்திலும் ஏற்க முடியாது. படிப்பைத் தண்டனையாக்கினால் புத்தகத்தைக் கண்டதும் வெட்கம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படையணியின் வெற்றிக்கு அது காரணமுமல்ல. கலைக்கப்படும் வேளையில் எடுத்த கணக்கைப் பாருங்கள். 431 பேரில் 337 பேர் ஈரசைச் சொல் கூட்டினார்கள். 284 பேர் வாசித்தார்கள். 200 பேர் விளங்கி வாசிக்கவும் எழுதவும் செய்தார்கள். 99 பேர் கணக்கும் பழகிப் புவியியலுக்குப் போயிருந்தார்கள். எழுத்தே பிடிபடாதவர் பத்துப் பேருக்கு மேல் இல்லை. இரண்டே வருடம், அதுவும் நோய் அவர்களை வாரிக்கொண்டு போன வருடங்கள்.

கலையும்போது அவர்கள் செய்த காரியம் இன்னும் பெரியது. ஊர் திரும்பினால் படிப்பு நின்றுவிடும், மிசூரியிலேயே நமக்கொரு பள்ளி வேண்டும் என்று பணம் சேர்த்தார்கள். 62ஆம் படையணி சுமார் 5,000 டொலர், 65ஆம் படையணி 1,379 டொலர் 50 சதம். மாதம் 13 டொலர் சம்பளக்காரரான சாமுவேல் செக்ஸ்டன் ஒருவர் மட்டும் 100 டொலர் கொடுத்தார். ஏறக்குறைய எட்டு மாதச் சம்பளம் அது. அவர்களின் லெப்டினன்ட் ரிச்சர்ட் ஃபொஸ்டர் முதல் அதிபரானார். 1866 செப்டெம்பர் 17இல், ஜெபர்சன் நகரின் ஒரு பாழடைந்த கட்டடத்தில் பள்ளி திறந்தது. இன்று அது லிங்கன் பல்கலைக்கழகம்.

எல்லாம் வெற்றிக் கதையாக இருக்கிறதே. எங்கே தவறிப்போனது?
– மட்டக்குளி வாசகி

நல்ல கேள்வி. தவறியது நிறைய.

முதல் எதிரி வேலைச் சுமை. கறுப்பினப் படையணிகளை மண் வெட்டவும் அரண் கட்டவும் கப்பல் சரக்கு இறக்கவும் அளவுக்கு மீறி ஏவினார்கள். பகல் முழுவதும் மண்வெட்டி பிடித்தவர் இரவில் நெருப்பருகே உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். 1864 ஜூனில், அவர்களுக்கு நியாயமான பங்கு வேலை மட்டுமே கொடுக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. அது எல்லா இடத்திலும் மதிக்கப்படவில்லை.

இரண்டாவது, இடமாற்றம். கொட்டில் கட்டி, வாங்கு போட்டு, ஈரசைக்கு வரும் நேரத்தில் அணிவகுப்பு உத்தரவு வரும். மூட்டையில் புத்தகம் கடைசி இடம். 1865 கோடையில், வேர்ஜினியாவிலிருந்த 25ஆம் படைப்பிரிவு முழுவதும் கப்பலேறி டெக்சாஸ் போனபோது இப்படி எத்தனையோ வகுப்புகள் கலைந்தன.

மூன்றாவது நோய். போரில் இறந்த சுமார் 40,000 கறுப்பினப் படைவீரரில் 30,000 பேர் வரை நோயால் இறந்தவர்கள். வகுப்பின் மூத்த மாணவரே ஆசிரியர் என்ற முறையில் அந்த ஒருவர் படுத்தால் பத்துப் பேரின் படிப்பும் படுக்கும்.

அதிகாரியின் மனம் நான்காவது. பிரான்சன் போன்றவரின் கீழ் படையணியே படித்தது. அக்கறையற்ற கேணலின் கீழ், பாதிரியார் விரும்பினாலும் நேரம் கிடைக்கவில்லை. சட்டத்தில் எழுதாத உதவி, ஆள் மாறினால் போய்விடும்.

பழைய ஆவணங்களின் படங்களில் பெயருக்கு நடுவே பெருக்கல் குறி போட்டிருக்கிறதே, அவர்கள் எழுத்தறிவற்றவர்கள் என்று எடுக்கலாமா?
– பல்கலைக்கழக மாணவர், பம்பலப்பிட்டி

அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். பெயரை எழுதுவினைஞர் எழுதுவார், நடுவில் குறி, குறிக்கு மேலும் கீழும் ‘அவரது’, ‘அடையாளம்’ என்ற சொற்கள். ஓய்வூதிய மனுக்களில் எழுதத் தெரிந்த இருவர் சாட்சிக் கையொப்பமிட வேண்டும். நம் ஊர்ப் பெருவிரல் அடையாளத்துக்கு இது அண்ணன் முறை.

அந்தக் குறி சொல்வது ஒன்றுதான்: அந்த நாளில் அந்தக் காகிதத்தில் அவர் பெயர் எழுதவில்லை. வாசிப்பை முதலில் பழக்கிய காலம் என்பதால் சரளமாக வாசித்தவரும் குறி போட்டிருக்கலாம். வலக்கையில் காயம் பட்டவர், முதுமையில் பார்வை போனவர், வரிசை நீளம் என்று எழுதுவினைஞரால் அவசரப்படுத்தப்பட்டவர் எல்லோரும் அதே குறியில் ஒளிந்திருக்கிறார்கள். மறுபக்கம், பெயரை ஓவியம்போல் பழகி எழுதியவருக்கு அடுத்த வரியை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை.

எனவே, ஒரே ஆளின் காகிதங்களைக் கால வரிசையில் அடுக்குங்கள்: சேர்ந்த பத்திரம், விடுவிப்புப் பத்திரம், 1865இல் தொடங்கிய விடுதலையடைந்தோர் சேமிப்பு வங்கியின் கையொப்பப் பதிவேடு, பிற்கால ஓய்வூதிய மனு. 1863இல் குறி, 1866இல் கையொப்பம் என்றால் இடையில் முகாம் வகுப்பு நடந்திருக்கக்கூடும். 1866இல் கையொப்பம், 1895இல் குறி என்றால் கை நடுங்கியிருக்கலாம். இன்னொரு பொறி பெயர். அடிமையாக இருந்தபோது எசமானின் குடும்பப்பெயர், விடுதலைக்குப் பின் தானே தெரிவுசெய்த பெயர், இடையில் எழுதுவினைஞரின் காதுக்குக் கேட்டபடி ஓர் எழுத்துக்கூட்டல். ஓய்வூதியம் மறுக்கப்பட்டோ இழுபட்டோ போனதற்கு இந்தப் பெயர்க் குழப்பமும் ஒரு காரணம்.

போர் முடிந்த பிறகு படையில் படிப்பு தொடர்ந்ததா?
– மருதானை வாசகர்

தொடர்ந்தது, இம்முறை சட்டத்திலேயே ஏறியது. 1866 ஜூலைச் சட்டம் நிரந்தரப் படையில் ஆறு கறுப்பினப் படையணிகளை அமைத்தது. 1869இல் அவை நான்காகச் சுருங்கின. அந்தப் படையணிகளின் பாதிரியாருடைய கடமைகளில் சிப்பாய்களுக்கு அடிப்படைக் கல்வி புகட்டுவதும் ஒன்று என்று சட்டம் வெளிப்படையாகவே சொன்னது.

இதில் மறக்கக்கூடாத பெயர் அலன் அலென்ஸ்வேர்த். 1842இல் கென்டக்கியில் அடிமையாகப் பிறந்து, எழுத்துப் படித்ததற்காகவே சிறுவயதில் விற்கப்பட்டவர். போரில் கடற்படையில் இருந்தார். 1886இல் 24ஆம் காலாட்படையணியின் பாதிரியாரானார். நியூ மெக்சிக்கோவின் பேயார்ட் கோட்டையில் பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் சிப்பாய்களுக்கும் வகுப்பு நடத்தி, 1889இல் படிமுறையான பாடத்திட்டத்தை விதிகளோடு அச்சிட்டார். 1906இல் லெப்டினன்ட் கேணலாக ஓய்வுபெற்றார். அந்தப் பதவியை எட்டிய முதல் கறுப்பினத்தவர் அவர்.

கொழும்பிலும் ஆபிரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்களாமே?
– கொம்பனித்தெரு வாசகர்

இருந்தார்கள். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்கர்களை விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து இலங்கைப் படையணிகளில் சேர்த்தார்கள். கண்டிப் போர்களில் அவர்கள் இருந்தார்கள். பின்னர் இலங்கை ரைபிள் படையணியோடு கலந்தார்கள். 1870களில் அதுவும் கலைக்கப்பட்டது. அவர்களின் வழிவந்தோர் புத்தளம் சிரம்பையடியில் இன்றும் வாழ்கிறார்கள். காப்பிரி என்ற சொல்லை அவர்கள் தம் சமூகப் பெயராகவே சொல்வார்கள். மற்ற நாடுகளில் அது வசைச்சொல் என்பதால், நாம் இடமறிந்து பயன்படுத்துவது நல்லது.

படிப்பைப் பொறுத்தவரை, பிரித்தானியப் படை 1846இல் படைப் பள்ளி ஆசிரியர்களுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது. 1861 முதல் கல்விச் சான்றிதழ் முறை வந்தது: கோப்ரலாக மூன்றாம் தரம், சார்ஜன்டாக இரண்டாம் தரம். பிரான்சனின் கட்டளைக்கு மூன்று வருடம் முந்தியே, தோளில் கோடு ஏற எழுத்து வேண்டும் என்ற விதி கடலின் இந்தப் பக்கத்துப் படையில் இருந்தது.

எங்கள் குழு ஞாயிறு பின்னேரங்களில் வளர்ந்தவர்களுக்குத் தமிழ் எழுத்தறிவு வகுப்பு நடத்துகிறது. இருபத்திரண்டு பேர் சேர்ந்து, இப்போது ஒன்பது பேர். அந்த முகாம்களிலிருந்து எடுக்கக்கூடியது ஏதும் உண்டா?
– கொட்டாஞ்சேனைப் பெண்கள் குழு

உண்டு. முதலில் நாளை மாற்றிப் பாருங்கள். கிழமைக்கு ஒருமுறை மூன்று மணித்தியாலம் என்பது வளர்ந்தவர்களுக்குப் பொருந்தாது. ஏழாம் நாளில் எழுத்து மறந்திருக்கும், வெட்கம் மிஞ்சியிருக்கும். நாற்பது நிமிடம், கிழமைக்கு நான்கு நாள், வேலை முடிந்து வரும் வழியில். முகாமில் படிப்பு பிடித்ததே தினமும் நெருப்பு எரிந்ததால்தான்.

முதல் நாளே அவரவர் பெயரை எழுத வையுங்கள், வரிசை காத்திருக்கட்டும். பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்து, மேலே விரலால் தடவி, பிறகு கொப்பியில். அதற்கடுத்து தேசிய அடையாள அட்டையிலுள்ள முகவரி, சம்பளச் சீட்டு, மருந்துப் பையில் எழுதியிருக்கும் வேளை. வருபவர் எதை வாசிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.

எழுத்து வரிசையில் அ, ஆ என்று தொடங்குவதைவிட, கோடு எளிதான ட, ப, ம மூன்றில் தொடங்கினால் இரண்டாம் நாளே படம், மடம், பட்டம் வாசித்துவிடுவார்கள். பிறகு ர, ய, க, த. கால் போட்டு நீட்டுவது முதலில். விசிறியும் சுழியும் அடுத்து. கொம்பு மட்டும் தடுமாற வைக்கும்: கெ, கே என்பதில் கொம்பு முன்னால் நின்றாலும் ஒலி பின்னால் வருகிறது. வளர்ந்தவர் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் பார்த்துக் குழம்புவார். கொம்பையும் மெய்யையும் ஒரே வட்டத்துக்குள் போட்டு, இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து என்று காட்டுங்கள். ர–ற, ல–ள–ழ, ந–ன–ண வேறுபாட்டை வாசிப்பில் தானாக வரவிடுங்கள். எழுதும்போது பிழைவிட்டால் முதல் மூன்று மாதம் சிவப்புப் பேனையைத் தொடாதீர்கள்.

ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு கிழமை முன்னே போனவர் பின்னே வருபவருக்குச் சொல்லட்டும். ஆனால் ஒரு குழுவுக்கு அப்படி இருவரை வைத்திருங்கள். ஒருவர் வராவிட்டால் மற்றவர் இருப்பார். நாற்பது வயதைக் கடந்த எல்லோருக்கும் வாசிப்புக் கண்ணாடி வேண்டுமா என்று வகுப்புக்கு முன்பே பார்த்துவிடுங்கள். புத்தகத்தைக் கை நீட்டித் தூரப் பிடிப்பவரைக் கண்டால் கண்ணாடி, அதன் பிறகு பாடம். விளக்கு தலைக்குப் பின்னால் இருந்தால் தன் நிழலிலேயே எழுதுவார். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும்.

முன்னேற்றத்தைக் கையொப்பத்தால் அளக்காதீர்கள். முன்பு காணாத ஆறு சொல் வாக்கியத்தை வாசித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டு வகுப்புக்கு வராதவரின் வீட்டுக்கு மூன்றாம் நாளே ஒருவர் போகட்டும், பாடத்தோடு. விட்டுப்போன பதின்மூன்று பேரிடமும் இந்தக் கிழமையே போய், எந்த நாளில், எந்த நேரத்தில் வர முடியும் என்று கேளுங்கள். புதிய நேர அட்டவணையை அவர்கள் சொல்வதைக் கொண்டே போடுங்கள்.